ஊராத்துறைச் சொல்

நயினாதீவுக்குச் செல்வோர் குறிகட்டுவானில் படகேறுகின்றனர். அப்படகிலே தமிழரும் சிங்களவரும் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்திருப்பர். கரையிறங்கியதும் ஒரு சாரார் நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் மறுசாரார் நாகவிகாரைக்குமாகப் பிரிந்து செல்வர். அம்மன் கோயிலில் சிதைந்த கல்வெட்டொன்று உண்டு. வழிபட்டு மீள்வோரில் அதனை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் இந்நாட்டின் வரலாற்றில் அக்கல்லுக்கு ஈடாக நம்மைச் சிந்திக்கத் தூண்டுவன அதிகமில்லை.

கி. பி. 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963 ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்குப் பரதேசிகள் வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும். பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையிலே கூடுதல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். ஏனைய சரக்குடன் வந்த மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. இதுவே ஆணையின் சாரம். ஊராத்துறையென அன்று வழங்கிய இடமே இன்றைய ஊர்காவற்றுறை. அந்நாளில் 'பரதேசி' என்றால் பிறதேசத்தான் என்பதே பொருள். வேற்று நாட்டானைக் குறித்த சொல்லை இரப்போனைக் குறிக்கும் வசைச்சொல்லாக்கியது பின்வந்த நம் காலம்.

சிங்களப் பேரரசன் ஒருவன் தன் சட்டத்தைத் தமிழிலே பொறித்திருக்கிறான். ஏன்? தமிழ்மேல் கொண்ட காதலால் என்று சொல்லி நாம் மகிழ்ந்துகொள்ள வேண்டியதில்லை. அவனுக்குக் குதிரை வேண்டியிருந்தது, யானை வேண்டியிருந்தது. அதனாலேதான் அவற்றைக் கொணர்ந்த வணிகனுக்குக் கூடுதல் பங்கு கிடைத்தது. உடைந்த கலத்தின் சரக்கு முழுவதையும் அரசனே கவர்ந்துகொள்வது அக்காலக் கரையோரங்களின் வழக்கம். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில், அதற்கு முன்னிருந்த அரசர் அவ்வாறு கவர்ந்தமையைச் சுட்டிக் காகதீய மன்னன் கணபதிதேவன் அபய சாசனம் எழுப்பியது 1244 ஆம் ஆண்டையொட்டியே. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே ஊராத்துறையில் இந்த விதி நின்றது. விதி பயன்பட வேண்டுமாயின் அதனைக் கேட்க வேண்டியவனுக்கு விளங்க வேண்டும். துறையிலே வாழ்ந்தவனும் கடலோடி வந்தவனும் அறிந்த மொழி தமிழாயிருந்தது. ஆகவே சட்டம் தமிழிலே பேசியது. ஆள்வோன் எந்த மொழியில் பேசுதல் வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இத்தீவிலே கிடைத்த எளிய விடை இது.

இந்த விடையை மனத்திற் கொண்டு நாம் கீழ்த்திசைக் கடலுக்கு அப்பால் சற்றே செல்லுதல் வேண்டும். அங்கே 'சொல்' என்பதற்கென்றே ஓர் எழுத்துண்டு. அதன் வரலாறு நமக்குப் பல பாடங்களைத் தரும்.

சீன எழுத்து ஒலியை மட்டும் குறிப்பதன்று. ஒலியோடு பொருளையும் தாங்கி நிற்பது. பேச்சைக் குறிக்கும் அடிப்படை எழுத்தை வரையக் கோல் ஏழு தடவை இயங்கும். கீழே வாயைக் குறிக்கும் சதுரம். அதன்மேல் அடுக்கிய கோடுகள். வாயிலிருந்து எழுவது சொல் என்பது பார்த்த கண்ணுக்கே தெரியும். இதனோடு ஒலியைக் குறிக்கும் இன்னோர் உறுப்பைச் சேர்த்தால் மொழி என்னும் பொருள்படும் எழுத்துப் பிறக்கும். சீனர் அதனை 'யூ' என்பர். யப்பானியர் 'கோ' என்பர். கொரியர் 'ஒ' என்பர். வியட்நாமியர் நம் ஙகரத்தை முதலாகக் கொண்டு 'ஙு' என்பர். பழஞ்சீனத்திலும் அது ஙகர ஒலியோடுதான் தொடங்கிற்று என்பது மொழிநூலார் முடிபு. தாயகம் மறந்த ஒலியைத் தென்கோடி இன்னும் பேணுகிறது.

யப்பானிய மொழியின் பெயரிலும் கொரிய மொழியின் பெயரிலும் இந்த எழுத்தே ஈற்றில் நிற்கிறது. நம் பக்கத்துக் கடல்களில் இதே பணியை ஆற்றியது ஒரு வடசொல். தமிழில் பாஷை, சிங்களத்தில் பாஷாவ, மலாயில் பஹாசா, சயாம் மொழியில் பாசா. கீழ்க்கடலில் ஓர் எழுத்து பரவியது போலத் தென்கடலில் ஓர் ஒலி பரவியது. இரண்டையும் சுமந்து சென்றோர் துறவியர், வணிகர், அரசவை எழுத்தர். பேசும் விதம் வேறுபட்ட மக்கள், பேச்சு என்பதைக் குறிக்க மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினர்.

இந்தப் பொது எழுத்தால் நன்மை விளைந்ததா? விளைந்தது. சீனரும் கொரியரும் யப்பானியரும் வியட்நாமியரும் ஒருவர் பேச்சு ஒருவர்க்கு விளங்காதபோதும் தாளிலே எழுதி உரையாடினர். இதற்குத் தூரிகைப் பேச்சு என்று பெயர். 1905 ஆம் ஆண்டில் வியட்நாமிய விடுதலை வீரர் பான் போய் சாவ், சீனச் சீர்திருத்தவாதி லியாங் சீச்சாவை யப்பானிலே கண்டு பேசியதும் பெரும்பாலும் இவ்வாறே. இருவர் நாவும் அடங்கியிருக்க இருவர் கோலும் பேசிய அக்காட்சி உள்ளத்தை நெகிழ்விப்பதே.

ஆனால் அத்தாளின் முன் அமரும் உரிமை யாருக்கிருந்தது? ஆயிரக்கணக்கான எழுத்துகளை மனப்பாடஞ் செய்ய ஓய்வும் பொருளும் உடையவனுக்கே இருந்தது. நெல்வயலிலே குனிந்து நின்றவனுக்கும் மீன்வலை பின்னியவளுக்கும் அவ்வெழுத்து அரசனின் வரிச்சீட்டாகவும் ஆண்டையின் கடன்சீட்டாகவுமே தோன்றிற்று. தன்னாட்டு மக்களின் பேச்சு சீனத்தினின்றும் வேறு. மனத்தில் நினைப்பதை எழுத்தில் வைக்க அவர்களால் இயலவில்லை. இதனைக் காரணமாகக் காட்டியே கொரிய மன்னர் செயோங் 1446 ஆம் ஆண்டில் எளிய ஒலியெழுத்தை வெளியிட்டார். அரசவைப் புலவர் சிலர் அதற்கு முன்னரே, 1444 இல், எதிர்ப்பு விண்ணப்பம் எழுதினர். அறிவு எளிதாகப் பரவுமென்றால் அஞ்சுவோர் எல்லா நாட்டிலும் உளர். வடமொழியையும் பின்னர் ஆங்கிலத்தையும் வேலியாக வைத்து வாழ்ந்தோரை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா?

மொழியெழுத்தின் முன் நாட்டைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் 'நாட்டுமொழி' என்றாகும். சீனத்தில் குவோயூ, யப்பானில் கொகுகோ, கொரியாவில் குகொ, வியட்நாமில் குவோக் ஙு. எழுத்து ஒன்றே. அது செய்த வேலையோ நாட்டுக்கு நாடு வேறுபட்டது.

வியட்நாமில் குவோக் ஙு என்ற பெயரைப் பெற்றது, வேடிக்கையாக, உரோம எழுத்து. போர்த்துக்கேயரும் பிறருமான பாதிரிமார் வகுத்த முறை அது. அலெக்சாந்திரு தெ ரோட் பாதிரியாரின் அகராதி 1651 இல் அச்சேறிற்று. மதம் பரப்ப வந்த எழுத்தை, பிற்காலத்தில் அந்நிய ஆட்சி தன் வசதிக்காகப் பயன்படுத்தியது. ஆனால் 1945 செப்டெம்பரில் விடுதலையை அறிவித்த ஹோ சி மின் அரசு, அதே மாதத்திலேயே எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கி, அதே எழுத்தை உழவர் கையிலே கொடுத்தது. கருவியை யார் செய்தார் என்பதைக் காட்டிலும் யார் கைக்கு அது சேர்ந்தது என்பதே வரலாற்றில் பெரிது.

யப்பானில் நிகழ்ந்தது மற்றொரு கதை. 1894 இல் உவெதா கசுதொஷி என்ற மொழிநூற் பேராசிரியர் நாட்டுமொழியும் நாடும் பற்றி உரையாற்றுகையில், மொழியை மக்களின் ஆன்மக் குருதிக்கு ஒப்பிட்டார். குருதியென்று சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை அடுத்த அரை நூற்றாண்டு காட்டிற்று. ஓக்கினாவாத் தீவுகளின் பள்ளிகளில், வீட்டு மொழி பேசிய சிறுவன் கழுத்திலே மரப்பலகை ஒன்று தொங்கவிடப்பட்டது. வட்டார மொழிப் பலகை என்று அதற்குப் பெயர். அதில் எழுதியிருந்த எழுத்துகளுள் ஒன்று நாம் மேலே கண்ட, வாயின்மேற் கோடடுக்கிய, சொல்லெழுத்துத்தான்! பேச்சைக் குறிக்கப் பிறந்த எழுத்து பேசியதற்குத் தண்டனையாகக் குழந்தையின் நெஞ்சிலே தொங்கிற்று.

கொரியாவை 1910 இல் விழுங்கிய ஆட்சி, 1938 இல் பள்ளிகளில் கொரிய மொழியைக் கட்டாயப் பாடத்தினின்றும் நீக்கி, பின்னர் அறவே ஒதுக்கியது. 1942 இல் கொரிய மொழிச் சங்கத்தார் சிறைப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் அகராதி தொகுத்தமை. இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிக்கப்பட்ட கையெழுத்துப் படி 1945 இல் சியோல் புகையிரத நிலையக் களஞ்சியமொன்றிலே கண்டெடுக்கப்பட்டது. சீன எழுத்துகளில் சிறைக்கூடத்தைக் குறிக்கும் எழுத்தொன்று உண்டு. இருபுறமும் இரு நாய்கள், நடுவிலே சொல். அதன் பொருளை அகராதி தொகுத்த அவ்வறிஞர்கள் தம் உடம்பாலேயே அறிந்தனர்.

அடக்கப்பட்டவன் அரியணை ஏறினால் அடக்குமுறையை மறப்பான் என்று எண்ணுதலும் பிழை. யப்பானியர் 1945 இல் வெளியேறிய தாய்வான் தீவில், கோமிந்தாங் ஆட்சி சீன நாட்டுமொழியைத் திணித்தது. மின்னான் மொழியோ ஹக்கா மொழியோ பேசிய பள்ளிப் பிள்ளைகள் தண்டம் கட்டினர், பலகை சுமந்தனர். எல்லா இனங்களின் மொழிகளையும் நாட்டு மொழிகளென ஏற்கும் சட்டம் அங்கே 2018 டிசம்பரில்தான் நிறைவேறியது. மக்கள் சீனத்தில் 1956 பெப்ரவரியில் 'பொதுப்பேச்சு' என்ற பெயரால் ஒரு மொழி பரப்பப்பட்டது. நாட்டுமொழி என்னாது பொதுப்பேச்சு என்றமை நல்லெண்ணத்தைக் காட்டும் பெயரே. எனினும் 2020 இல் உள்மொங்கோலியாவில் மொங்கோலிய வழிக் கல்வி குறுக்கப்பட்டபோது பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்து நின்றனர். பெயர் மாறினாற் போதாது. பேசுவோனின் உரிமை பிழைத்ததா என்பதே உரைகல்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1928 அக்டோபரில் இந்தோனேசிய இளைஞர் மாநாடு பொதுமொழி ஒன்றைத் தேர்ந்தது. யாவா மொழி பேசுவோரே அங்குப் பெரும்பான்மையினர் போன்ற பெருந்தொகையினர். ஆயினும் மிகச் சிலரின் தாய்மொழியாய், துறைமுகங்களின் வணிக மொழியாய் இருந்த மலாய் தெரிந்தெடுக்கப்பட்டது. பெருந்தொகையினர் ஒரு படி விட்டுக்கொடுத்ததால் நூற்றுக்கணக்கான தீவுகள் தமக்குள் பேசிக்கொள்ள வழி கிடைத்தது. ஊராத்துறைக் கல்லின் மனம் அதுவே.

இப்பொழுது நம் நாட்டுக்குத் திரும்புவோம். சீனத்திலே பொதுப்பேச்சு அறிவிக்கப்பட்ட அதே 1956 ஆம் ஆண்டில், யூன் மாதத்தில், இலங்கைப் பாராளுமன்றத்தில் அரச கருமமொழிச் சட்டம் நிறைவேறிற்று. சிங்களம் மட்டுமே அரச மொழி. காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்தோர் தாக்கப்பட்டனர். இரு மொழியை ஏற்றால் நாடு ஒன்று, ஒரு மொழியை மட்டும் ஏற்றால் நாடு இரண்டு என்னும் பொருள்படச் சமசமாசக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா அன்று எச்சரித்தார். அவரே அமைச்சராயிருந்து இயற்றிய 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை அரசியலமைப்பின் படிக்கே உயர்த்திற்று. முற்போக்காளர் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. பிறர் பிழையைக் கல்லில் வெட்டி நம் பிழையை நீரில் எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

ஒற்றை எழுத்து எவ்வளவு தீமை செய்யக்கூடும் என்பதை அறியச் சீனம் வரை போக வேண்டியதில்லை. 1957 முதல் வாகனங்களின் இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளை நீக்கிச் சிங்கள ஸ்ரீ இடப்பட்டது. திரு என்று மதிப்புடன் சொல்லும் எழுத்து அது. வடக்கிலே அதன்மேல் தார் பூசினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் பூசினர். 1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் எழுதிய ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிந்தது. அடுத்த மாதம் குருதி பெருகிற்று. தமிழும் அரச மொழியாதல் வேண்டும் என்ற வாசகம் அரசியலமைப்பில் ஏறியது 1987 இல். அதற்கிடையில் எத்தனை ஆயிரம் உயிர்! ஏறிய பின்னும், தமிழன் ஒருவன் பொலிஸ் நிலையத்திலே தன் முறைப்பாட்டைத் தனக்கு விளங்காத மொழியிலே எழுதக் கண்டு கையொப்பமிடும் நிலை முற்றாக ஒழிந்துவிடவில்லை.

தீவகத்தின் மண் இதற்கு முற்றிலும் மாறான சான்றுகளைத் தன் மடியிலே வைத்திருக்கிறது. 1977 இல் அல்லைப்பிட்டியில் சீனப் பாண்டங்களின் குவியலொன்று வெளிப்பட்டது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கமும் சார்ந்த சுங் காலப் பாண்டங்கள் அவை. 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தார் இலங்கை ஆய்வாளரோடு கூடி அங்கே அகழ்ந்தனர். பராக்கிரமபாகுவின் ஆணைக்குச் சற்று முன்னரே சீனக் களிமண் நம் கரையைத் தொட்டுவிட்டது. மறுதலையாக, சீனத்தின் சுவான்சோ துறையிலே 1281 இல் சிவனுக்கென எழுந்த தமிழ்க் கல்வெட்டின் கீழே சீன எழுத்து வரியொன்று நிற்கிறது.

காலிக் கல்லோ இன்னும் புகழ் வாய்ந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த அக்கல் 1409 ஆம் ஆண்டு குறித்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இசுலாமிய மரபுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என ஒத்த காணிக்கைகளை அது அறிவிக்கிறது. 1911 இல் கண்டெடுக்கப்பட்டபோது அது வடிகால் மூடும் கல்லாய்க் கிடந்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மூன்று மொழிக்கும் சம இடம் கொடுத்த அக்கல்லைப் போற்றுவோம். ஆனால் மயங்க வேண்டாம். அதே செங் ஹோ இரண்டாண்டுக்குள் அழகக்கோனாரனைச் சிறைபிடித்துச் சீனம் கொண்டுபோனார். காணிக்கை கொடுத்த கையிலே வாளும் இருந்தது. கப்பலின் கொள்ளளவும் படையின் எண்ணிக்கையும் பேசத் தொடங்கினால் கல்லின் சொல் அடங்கிவிடும்.

பின்வந்தோர் அந்த மூன்று மொழி மரியாதையையும் விட்டொழித்தனர். போர்த்துக்கேயர் யானை ஏற்றிய துறைமேடையின் பெயர் 'கயிட்ஸ்' என்று ஊர்காவற்றுறையின் மேல் ஒட்டிக்கொண்டது. ஒல்லாந்தர் தம் நகரப் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. அங்கு வாழ்ந்தவனைக் கேளாமலே அவன் ஊருக்குப் பெயரிடுவது ஆட்சியின் முதற் சொல்.

அது பழங்கதை என்று எண்ணுவோர்க்கு அண்மை நிகழ்ச்சிகள் இரண்டைச் சொல்வோம். 2021 மே மாதத்தில் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்திலே ஒரு நூலகப் பெயர்ப்பலகை திறக்கப்பட்டது. சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழ் இல்லை. கண்டனத்தின் பின் அது அகற்றப்பட்டது. 1409 இல் அயல்நாட்டான் மறவாத மொழியை 2021 இல் நாட்டின் நீதித்துறை அலுவலகம் மறந்தது. அதே ஆண்டு சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் காற்றாலும் ஞாயிற்றொளியாலும் மின்சாரம் எடுக்கும் வேலையைச் சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை இசைந்தது. இந்தியா மறுப்புத் தெரிவித்தது. டிசம்பரில் சீனர் வேலையை நிறுத்தினர். 2022 மார்ச்சில் அது இந்தியாவுடனான உடன்படிக்கையாயிற்று. பேசியோர் கொழும்பார், பெய்ஜிங்கார், தில்லியார். விளக்கெரிய வேண்டிய வீட்டில் வாழும் மீனவனும் பனந்தொழிலாளியும் எந்த மொழியிலே கேட்கப்பட்டனர்? எந்த வல்லரசின் மின்கம்பம் என்பதைக் காட்டிலும், கம்பம் நடும் இடத்துக்குரியவனிடம் அவனுக்கு விளங்கும் சொல்லிலே பேசினாரா என்பதையே நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இக்கேள்வியை நம் வீட்டு முற்றத்திலும் கேட்டாக வேண்டும். தமிழுக்கு உரிமை வேண்டி நின்ற அதே யாழ்ப்பாணத்திலே, 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் தமிழனைத் தமிழன் மறித்து நின்றான். ஒரே மொழி பேசிய வாய்களுள் சில, கோயில் வாயிலிலும் கிணற்றடியிலும் மூடப்பட்டிருந்தன. மொழியுரிமை என்பது மொழிக்குரிய உரிமையன்று; அதைப் பேசும் ஒவ்வொரு மனிதனுக்குமுரிய உரிமை. அதைத் தன் ஊரான் ஒருவனுக்கு மறுப்பவன் கொழும்பிடம் கேட்கும்போது குரல் தழுதழுக்காமல் இராது.

சீன எழுத்துகளில் இன்னும் ஒன்றைச் சொல்லி முடிப்போம். நிற்கும் மனிதன் ஒருபுறம், சொல் மறுபுறம். இரண்டும் சேர்ந்தால் நம்பிக்கை என்று பொருள். தன் சொல்லின் அருகே விலகாது நிற்பவனை நம்பலாம் என்று மரபாக விளக்கம் கூறுவர். சீனத்திலும் யப்பானிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் இவ்வெழுத்து இப்பொருளிலேயே வழங்குகிறது.

பராக்கிரமபாகு நல்லரசனா என்பது வேறு வினா. அவன் படையெடுப்புகளையும் வரிகளையும் வரலாறு அறியும். ஆனால் உடைந்த கலத்தில் உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று, கேட்பவனுடைய மொழியிலே எழுதி, அந்த எழுத்தைக் கல்லிலே நிறுத்தினான். கரையொதுங்கிய பரதேசிக்கு அக்கல்லைக் காட்டித் தன் பங்கைக் கேட்க முடிந்தது. இந்நாடு இன்று பலவாறு உடைந்து கரையொதுங்கிய மரக்கலம். இதில் யாருக்கு எவ்வளவு என்பதை எல்லோர்க்கும் விளங்கும் மொழிகளில் எழுதி, எழுதியதன் அருகே நிற்கும் மனிதரை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நயினாதீவுப் படகிலே இரு மொழியினரும் ஒரே பலகையில் அமர்ந்து செல்லும் அந்தச் சிறுபொழுதில், அப்படிப்பட்டவர் பிறக்கக் கூடும் என்ற நம்பிக்கை நமக்கு உண்டாகிறது. கரையேறிய பின்னும் அது நிலைக்கச் செய்வதே நம் கடமை.